கடைசி வரிசையில் ஒரு பொய்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு நாற்பத்தைந்து. இதைக் கேட்டதுமே சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். மீதி இருப்பவர்களுக்கே இந்தக் கதை.

குருவின் பெயர் மெஹருன்னிசா. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைமை. யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார். ஒரு வேலையைக் கொடுப்பார். அதைச் செய்து முடித்தால் பதில் கிடைத்திருக்கும். எரிச்சல் தாங்காமல் யாரோ ஒருவர் கேலியாக ‘குருஜி’ என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது.

சீடரின் பெயர் பிலவேந்திரன். திண்டுக்கல்காரர். கையால் பரிசோதித்தே காலத்தை ஓட்டியவர். புதிதாக எழுதிய சாஃப்ட்வேரில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்து, சரியான விடை வருகிறதா என்று உட்கார்ந்து சரிபார்ப்பது அவர் வேலை. அதற்கு இனி ஆள் வேண்டாம், தானாகவே தட்டிச் சரிபார்க்கிற ஸ்கிரிப்ட் என்னும் சின்ன புரோகிராம் போதும் என்று ஒரு நாள் ஆகிவிட்டது. கூட இருந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டார்கள்.

பிலவேந்திரன் மட்டும் போகமாட்டேன் என்று நின்றார். கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது மெஹருன்னிசா. முதல் நாள் ‘மேடம்’ என்றார். “மெஹர்னே கூப்பிடுங்க சார்” என்றார் குரு. அன்றிலிருந்து அவர் மெஹர், இவர் சார்.

இப்போது அவர் தனியாக எழுதிய முதல் ஸ்கிரிப்ட் தயாராகியிருந்தது. இது தேறினால்தான் அவருக்கு அந்த மாடியில் நாற்காலி. அது அவருக்கும் தெரியும், அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்த எல்லோருக்கும் தெரியும்.

சாஃப்ட்வேர் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக எழுதியது. நர்ஸ் குழந்தையின் எடையையும் மருந்தின் பெயரையும் தட்டினால், எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்று அது சொல்லும். சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். வரிசைக்கு ஒரு குழந்தை. எடை, மருந்து, கொடுக்க வேண்டிய சரியான அளவு.

பிலவேந்திரனின் ஸ்கிரிப்ட் அந்த ஷீட்டை மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் படிக்கும். எடையையும் மருந்தையும் சாஃப்ட்வேரில் தட்டும். வருகிற விடையை ஷீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் கடைசியில் ஒரு பச்சைப் பட்டை. ஒன்று பொருந்தாவிட்டாலும் சிவப்புப் பட்டை, கூடவே எந்த வரிசை என்ற விவரம். எத்தனை வரிசை படித்தது என்று மட்டும் அது சொல்லாது. அவரும் அதைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டை பச்சையாக வந்தது. ரிப்போர்ட்டை மேனேஜர் கோகுலகண்ணனுக்கு அனுப்பினார். கைதட்டுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. மாலை ஐந்து மணிக்கு சாஃப்ட்வேர் ஆஸ்பத்திரிக்குப் போகும். திங்கட்கிழமை காலை வார்டில் நர்ஸுகள் அதைத் தட்டத் தொடங்குவார்கள்.

நியாயப்படி பிலவேந்திரன் கேன்டீனுக்குப் போய் ஒரு முட்டை பப்ஸ் வாங்கித் தின்றிருக்க வேண்டும்.

போகவில்லை. ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினார். பச்சை. தண்ணீர் குடித்தார். மறுபடி ஓட்டினார். பச்சை. மனைவிக்கு ‘முடிஞ்சுது’ என்று செய்தி அனுப்பினார். ‘அப்பாடா’ என்று பதில் வந்தது. அந்த அப்பாடா தனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தபடி மறுபடி ஓட்டினார். அவர் தண்ணீர் பாட்டிலை மூடுவதற்குள் பட்டை வந்துவிட்டது. எவ்வளவு வேகம் என்று பெருமைப்பட்டார். பெருமையும் உள்ளே போய் உட்காரவில்லை.

பக்கத்து மேசைப் பெண் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

“சார், மேசை ஆடுது.”

அப்போதுதான் தன் கால் ஆடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். நிறுத்தினார். நிறுத்தியதும் விரல்கள் ஆரம்பித்தன. சரி, இது சரிப்படாது என்று எழுந்து குருவிடம் போனார்.

மெஹருன்னிசா ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் பச்சைங்க மெஹர்.”

“பார்த்தேன் சார். சந்தோஷம்.”

“மனசு ஆற மாட்டேங்குது.”

“ஏன்?”

“தெரியல. தெரிஞ்சா ஆறியிருக்குமே.”

குரு ஒரு சுளையை நீட்டினார். பிலவேந்திரன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வாயில் போடத் தோன்றவில்லை.

“ஷீட்டோட கடைசி வரிசையில ஒரு பொய் எழுதுங்க சார்.”

“என்னது?”

“பொய். இல்லாத ஒரு குழந்தை. தப்பான அளவு. எழுதிட்டு ஓட்டுங்க.”

பிலவேந்திரனுக்குச் சுருக்கென்றது. விளையாடுகிற நேரமா இது?

“இத்தனை வருஷமா தப்பைக் கண்டுபிடிச்சுத்தான் சோறு தின்னிருக்கேன் மெஹர். நானா ஒரு தப்பை எழுதினதில்ல.”

“அதான் எழுதச் சொல்றேன்.”

“ஆஸ்பத்திரி ஷீட்டுங்க அது. யாராவது நிஜம்னு எடுத்துட்டா?”

“நகல் எடுத்து அதுல எழுதுங்க.”

“எவ்வளவு பெரிய பொய்?”

“பார்த்ததும் உங்களுக்கே கை கூசணும்.”

இதற்கு மேல் கேட்டாலும் ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்தார். ஷீட்டை நகல் எடுத்தார். அடிவரை போனார். எடை இருக்கிற இடத்தில் இரண்டு கிலோ என்று தட்டினார். மருந்து, காய்ச்சலுக்குக் கொடுப்பது. அளவு இருக்கிற இடத்தில், பெரிய மனிதருக்கே அதிகம் என்று சொல்லத்தக்க ஓர் எண்ணைத் தட்டினார். தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத குழந்தைதான். இருந்தாலும் அவரை அறியாமல் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது. பக்கத்துக் கட்டத்தில் ‘இது பொய்’ என்றும் எழுதிவைத்தார்.

ஓட்டினார்.

பச்சை.

அப்பாடா என்றது மனம். ஆமாம், நிஜமாகவே சொன்னது. பல நாளாகப் பச்சைக்காக ஏங்கிய மனம், எந்தப் பச்சை என்று பார்க்கவில்லை. அந்த ஒரு நொடி நிம்மதியை நினைத்துப் பின்னால் அவர் பலமுறை கூனிக் குறுகியிருக்கிறார்.

அடுத்த நொடி பொய் நினைவுக்கு வந்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் முட்டியது.

“பச்சையா வருது!” என்றார் குருவின் மேசைக்கு வருவதற்கு முன்பே. மாடியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பச்சையாக வந்ததற்கு ஒருவர் அலறுவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

“அப்ப?” என்றார் மெஹருன்னிசா.

“அப்ப அந்தக் கைக்குழந்தைக்கு அவ்வளவு மருந்து குடுன்னு சாஃப்ட்வேர் சொல்லுதா?”

“கையால தட்டிப் பாருங்க. உங்களுக்கா தெரியாது?”

குருவின் கணினியிலேயே குனிந்து தட்டினார். இரண்டு கிலோ. காய்ச்சல் மருந்து. சாஃப்ட்வேர் சின்னதாக, ஒழுங்காக, ஒரு கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கலாமோ அதைச் சொன்னது.

“இது சரியாத்தான் சொல்லுது. ஷீட்டுல பொய் இருக்கு. ரெண்டும் பொருந்தல. பொருந்தாட்டி சிவக்கணும். எப்படிப் பச்சை?”

குரு அடுத்த சுளையைப் பிரித்தார்.

பிலவேந்திரன் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“படிக்கவே இல்ல” என்றார் மெதுவாக. “ஸ்கிரிப்ட் அந்த வரிசையைப் படிக்கவே இல்ல.”

“சரி.”

“அது ஒண்ணைத்தான் படிக்கலையா, இல்ல...”

முடிக்க முடியவில்லை. 

“நீங்களே வந்து பார்த்துச் சொல்லிடுங்க மெஹர். அஞ்சு மணிக்கு ரிலீஸ். எனக்குக் கையே ஓடல.”

“பொய்யை மேலே நகர்த்துங்க சார்.”

“எது வரைக்கும்?”

“சிவக்கற வரைக்கும்.”

ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நேராக ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன குறைந்துபோகும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இடத்துக்கு வந்தார். திட்டு ஒரு பக்கம் ஓட, கை பொய்யை வெட்டி, சற்று மேலே கொண்டுபோய் ஒட்டியது. ஓட்டினார். பச்சை. இன்னும் மேலே. பச்சை. அதற்கும் மேலே. பச்சை.

இதற்குள் பச்சை என்கிற நிறமே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

பொறுமையிழந்து, ஒரே தாவலில் ஷீட்டின் பாதிக்குக் கொண்டுபோய்ப் போட்டார். ஓட்டினார்.

சிவப்பு.

“வந்துருச்சு!” என்றார். பக்கத்து மேசைப் பெண் இந்த முறை ஹெட்போனைக் கழற்றவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஆக, பாதி வரை படித்திருக்கிறது. எங்கே நிறுத்தியது? பொய்யைக் கொஞ்சம் கீழே இறக்கினார். சிவப்பு. இன்னும் கீழே. சிவப்பு. இன்னும் கொஞ்சம். பச்சை. மேலே ஏற்றினார். சிவப்பு. கொசுவைத் துரத்துகிற மாதிரி அங்கும் இங்கும் விரட்டிக் கடைசியில் ஓர் இடத்தில் மடக்கிவிட்டார். இந்த வரிசைக்கு மேலே பொய்யை வைத்தால் சிவப்பு. கீழே வைத்தால் பச்சை.

அந்த வரிசையில் ஒன்றுமே இல்லை. காலி.

அந்தக் காலியை வைத்தவர் அவர்தான்.

கையால் பரிசோதித்த காலத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஷீட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விடுவார்கள். அதற்கு டீ வரிசை என்று பெயர். தட்டிக்கொண்டே வந்து டீ வரிசையைத் தொட்டுவிட்டால் எழுந்து போகலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். டீ குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வந்து, அந்தக் காலிக்குக் கீழேயிருந்து தொடங்குவார்கள். ஆஸ்பத்திரி ஷீட் வந்த அன்றும் கை பழக்கத்தில் அதைச் செய்துவிட்டது. வளர்ந்த குழந்தைகள் முடிந்து, பிறந்த குழந்தைகள் தொடங்குகிற இடம். காலி விட்டதும் ஷீட் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஸ்கிரிப்டில் ‘காலி வரிசை வந்தால் ஷீட் முடிந்தது, நிறுத்து’ என்று எழுதியவரும் அவர்தான். அந்த மாடியில் பலரும் அப்படித்தான் எழுதுவார்கள். அதில் தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஸ்கிரிப்ட் டீ வரிசைக்கு வந்திருக்கிறது. எழுந்து போயிருக்கிறது. திரும்பி வரவில்லை. போகும்போது பச்சைப் பட்டையை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வேகம் வேகம் என்று இவர் பெருமைப்பட்டது அதைத்தான்.

காலிக்குக் கீழே இருந்தவை அத்தனையும் பிறந்த குழந்தைகள். அதில் ஒரு குழந்தையைக்கூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மெஹருன்னிசா.

“என்னங்க சார் இது, காலியா?”

“டீ” என்றார் பிலவேந்திரன்.

குருவுக்குப் புரியவில்லை. கையால் பரிசோதித்த காலத்தை அவர் பார்த்ததில்லை. பிலவேந்திரன் விளக்கினார். சொல்லும்போதே காது சுட்டது. குரு சிரிப்பார் என்று நினைத்தார். சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“காலியை எடுத்துட்டு ஓட்டுங்க” என்றார் குரு. “பொய்யையும் எடுத்துடுங்க.”

காலியை எடுத்தார். பொய்யை எடுத்தார். மருந்தாளுநர் எழுதி அனுப்பியது மட்டும் மிச்சம் இருந்தது. ஓட்டினார். முதல்முறையாக ஸ்கிரிப்ட் நேரம் எடுத்துக்கொண்டது. அவர் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பொய்யே இல்லாத ஷீட்டில் பட்டை சிவந்தது.

வரிசை வரிசையாகப் பிறந்த குழந்தைகள். ஒன்றை எடுத்துக் கையால் தட்டினார். இன்னொன்றை எடுத்துத் தட்டினார். மூன்றாவதிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது, என்ன இருந்தாலும் கைப்பழக்கம். பிறந்த குழந்தைகளின் எடையை ஆஸ்பத்திரியில் கிராமில் எழுதுவார்கள். சாஃப்ட்வேர் அதைக் கிலோவாக மாற்றும்போது, கையோடு முழு எண்ணாகவும் ஆக்கிவிடுகிறது. ஒன்றரைக் கிலோ குழந்தையை இரண்டு கிலோ என்று எடுத்துக்கொண்டு, இரண்டு கிலோ குழந்தைக்கு உள்ள மருந்தைக் கொடுக்கச் சொல்கிறது. அவர் எழுதிய பொய்யில் எடை சரியாக இரண்டு கிலோ. அதனால்தான் அதற்கு மட்டும் ஒழுங்காகச் சொன்னது.

பிலவேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். கோகுலகண்ணனின் அறையைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்க வந்து சொல்றீங்களா மெஹர்?”

“எதை?”

“இதை. நான் போய்ச் சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

“பச்சைன்னு யாரு சொன்னது சார்?”

“நான்.”

குரு தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

அந்த அறை வரைக்கும் நடக்கிற தூரம் ஒன்றும் அதிகமில்லை. அதற்குள் பிலவேந்திரனின் மனசு ஊரையே சுற்றி வந்தது. கடைசி நேரத்தில் யாரோ சாஃப்ட்வேரில் கை வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஷீட்டை மருந்தாளுநரே இடைவெளியோடு அனுப்பினார் என்று சொல்லலாம். அதையும் யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு பொய்யை எழுதக் கை கூசியது. இப்போது கேட்காமலே வரிசை கட்டிக்கொண்டு வருகின்றன. தன் மீதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. பயமும் குறையவில்லை. இந்த வயதில் இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடையாது. மகளுக்கு இப்போதுதான் கல்லூரி இரண்டாம் வருஷம்.

கதவைத் தட்டினார்.

கோகுலகண்ணன் போனை வைத்துவிட்டு, “வாங்க சார், இப்பத்தான் ஆஸ்பத்திரியில பேசினேன், ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு” என்றார்.

“ரிலீஸை நிறுத்தணும்ங்க.”

“ஏனுங்க?”

“பிறந்த குழந்தைங்க இருக்கற பகுதியை ஸ்கிரிப்ட் படிக்கவே இல்ல. நான் அனுப்பின பச்சை தப்பு.”

“தப்புன்னா?”

“மேல இருக்கறதை மட்டும் படிச்சிட்டு முழு ஷீட்டுக்கும் சேர்த்துப் பச்சை காட்டியிருக்கு. இப்ப முழுசும் படிக்க வெச்சேன். கீழ சிவப்பா இருக்கு.”

கோகுலகண்ணனின் முகம் மாறியது.

“மத்தியானம் நீங்கதானே சார் எல்லாம் சரின்னு எழுதினீங்க?”

“ஆமாங்க.”

“நான் அதை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேனே.”

“தெரியும்ங்க.”

கோகுலகண்ணன் எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். கெட்டவர் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்.

“பெரிய குழந்தைங்களுக்கெல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“இருக்குங்க.”

“அப்ப இன்னைக்குப் போகட்டும். திங்கக்கிழமை கையோட ஒரு திருத்தம் அனுப்பிக்கலாம். அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது?”

“ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ரெண்டு கிலோ குழந்தையோட மருந்தைக் குடுக்கச் சொல்லுதுங்க. நர்ஸம்மா அதைப் பார்த்துத்தான் ஊசியில ஏத்துவாங்க.”

கோகுலகண்ணன் உட்கார்ந்தார். 

“ஆஸ்பத்திரியில காரணம் கேப்பாங்க. என்னன்னு சொல்றது?”

“டெஸ்ட் பண்ணினவன் சரியாப் பண்ணலைன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க.”

சொன்னதும் அழுதுவிடுவோமோ என்று பயந்தார். அழவில்லை.

“போங்க சார். உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டுக் கோகுலகண்ணன் போனை எடுத்தார்.

அந்த ‘அப்புறம்’ சனி, ஞாயிறு முழுக்கப் பிலவேந்திரன் கூடவே இருந்தது. சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, இவர் கால் பெஞ்சுக்கடியில் ஆடியது. மனைவி தொடையில் கை வைத்து அழுத்தினார். திங்கட்கிழமை கூப்பிடுவார்கள் என்று சட்டையைக்கூட நல்லதாகப் போட்டுக்கொண்டு போனார். யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வார நடுவில் சாஃப்ட்வேரைத் திருத்திக் கொடுத்தார்கள். பிலவேந்திரன் ஸ்கிரிப்டையும் திருத்தியிருந்தார். காலி வரிசை வந்தால் இனி அது நிற்காது, தாண்டிப் போகும். எத்தனை வரிசை படித்தது என்பதையும் கடைசியில் சொல்லும். ஓட்டினார். எல்லா வரிசையும் படித்தது. பச்சை.

அந்தப் பச்சையை அவர் நம்பவில்லை. பொய்யைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் வைத்தார். சிவந்தது. நடுவில் வைத்தார். சிவந்தது. முதலில் வைத்தார். சிவந்தது. யாரும் சொல்லாமலே அதை மறுபடி கடைசிக்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவைத்தார். அது ஒன்று மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை, அந்தச் சிவப்பு என் பொய் என்று எழுதி ரிப்போர்ட் அனுப்பினார். இந்த முறை கைதட்டுகிற பொம்மை வரவில்லை. “சரிங்க” என்று ஒரு வார்த்தை வந்தது. சாஃப்ட்வேர் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதன்பிறகும் ஸ்கிரிப்ட் தினமும் காலையில் தானாக ஓடி ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, கோகுலகண்ணன் அவருடைய மேசைக்கு வந்து நின்றார். பிலவேந்திரன் எழுந்தார். இதோ, அந்த அப்புறம்.

“அடுத்த ஆஸ்பத்திரி ஷீட் வந்திருக்கு. அதையும் நீங்களே பார்த்துருங்க.”

“சரிங்க.”

“இன்னொண்ணு சார். தினமும் காலையில ரிப்போர்ட்டுல அந்த ஒரு சிவப்பு வந்துட்டே இருக்கு. பொய்தான்னு தெரியும். ஆனாலும் கண்ணை உறுத்துது. வேலைதான் முடிஞ்சுதே, எடுத்துடலாம்ல?”

பிலவேந்திரனுக்கு வந்த சந்தோஷத்தில், எடுத்துவிடுகிறேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார்.

குருவின் மேசைக்குப் போனார். மெஹருன்னிசா யாரோ எழுதிய ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பொய் வரிசையை எடுத்துடவா மெஹர்?”

“எதுக்கு?”

“கோகுல் எடுக்கச் சொல்றார்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

பிலவேந்திரன் யோசித்தார்.

“எனக்கும் எடுத்துட்டா தேவலைன்னுதான் இருக்கு. தினமும் வந்து திறந்ததும் சிவப்பு. நானே எழுதின பொய்னு தெரியும். தெரிஞ்சும் வயித்தைக் கலக்குது. எந்த வரிசைன்னு போய்ப் பார்த்து, அதுதான்னு உறுதியாகற வரைக்கும் உக்கார முடியல.”

“தினமும் போய்ப் பார்க்கறீங்களா?”

“பார்க்காம எப்படி இருக்கறது?”

மெஹருன்னிசா திரையிலிருந்து திரும்பி, அவரை முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

“இருக்கட்டும் சார்.”

“எவ்வளவு நாளைக்குங்க?”

“வயித்தைக் கலக்கறது நின்னுட்டா வந்து சொல்லுங்க. வேற வரிசைக்கு மாத்திடலாம்.”